மூடிய படுக்கையறையில் மூன்று புகார்கள்: மேடவாக்கம் வீடு ஒன்றின் ஏசி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே மேடவாக்கம் பகுதி. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடி. கணவன், மனைவி, ஏழு வயது மகள், கணவனின் தாயார் என நான்கு பேர். ஏசி உள்ளது ஒரே அறையில். தம்பதியும் மகளும் அங்கே படுக்கிறார்கள். பாட்டி ஹாலில், மின்விசிறிக்குக் கீழே.

அறை 12-க்கு 10 அடி, உயரம் ஒன்பதரை அடி. ஏறக்குறைய 32 கன மீட்டர் காற்று கொள்ளும். மூன்று ஆண்டு பழைய 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. இந்த அளவு அறைக்கு 1 டன் தாராளம். மேற்குச் சுவரில் வெயில் விழுகிறது என்று சொல்லிப் பெரியதை விற்றிருக்கிறார்கள். கரண்ட் பில்லைக் குறைக்கவென்று சறுக்கு ஜன்னலின் இடைவெளிகளில் ஃபோம் டேப், கதவின் அடியில் ரப்பர் பட்டை. அறையை ஒட்டிய குளியலறைக் கதவும் இரவில் மூடியே இருக்கும்.

புகார்கள் மூன்று. மகளுக்கு வாரத்தில் ஐந்தாறு இரவு இருமல், காலையில் அடுக்குத் தும்மல். கணவருக்கு எழும்போதே தலைபாரம். ஏசி போட்டதும் முதல் பத்து நிமிடம் ஈரத்துணி வாடை, சில விடியற்காலைகளில் சாக்கடை வாடை. குழந்தை மருத்துவர் ஒவ்வாமை மூக்கழற்சியும் லேசான வீசிங்கும் என்று கண்டு, தடுப்பு இன்ஹேலர் எழுதித் தந்திருந்தார். படுக்கையறையைப் பார்க்கச் சொன்னதும் அவரே.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான்: "புள்ளைக்கு ஏசி ஒத்துக்கல." இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் ஏசியைப் போடுவது, நிறுத்துவது என்ற இரண்டு வழிதான் மிஞ்சும். இந்த வீட்டில் புகார்களுக்குப் பின்னால் பல தனித்தனிக் காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஏசியோடு சம்பந்தமே இல்லை.

முன்பு செய்தவை

ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு சர்வீஸ் நடந்திருக்கிறது. ஃபில்டரைக் கழுவி, கூலிங் காயிலின் முன்பக்கத்தில் தண்ணீர் அடித்து, துடைத்து மூடியிருக்கிறார்கள். காற்றை அறைக்குள் தள்ளும் உருளை விசிறியான புளோயரை ஒருமுறையும் கழற்றியதில்லை. வாடை போகவில்லை என்று கூப்பிட்டபோது வந்த இன்னொரு மெக்கானிக் கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். கேஸ் என்பது குளிர்ச்சியைத் தருவது, மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றுவது. அது குறைந்தால் குளிர்ச்சி குறையும், காயிலில் ஐஸ் பிடிக்கும். ஈரத்துணி வாடை அதனால் வராது, ஏற்றினால் போகவும் போகாது. கடைசியாக, காற்று வரும் வாயில் வாசனைக் கிளிப் ஒன்றைக் குடும்பமே மாட்டியிருந்தது.

முதல் இரவின் அளவீடுகள்

செப்டம்பர் முதல் வாரத்தில், வழக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, ஓர் இரவு முழுக்கப் பதிவு எடுக்கப்பட்டது. கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு முறையில் அளக்கும் கருவி, லேசர் துகள் மானி, ஈரப்பத மானி ஆகிய மூன்றும் தலையணை உயரத்தில், ஏசி காற்று நேரே படாத மூலையில் வைக்கப்பட்டன. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கும். மொட்டை மாடியில் வைத்து அந்த எண் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரப்பத மானியைச் சோதிக்க ஒரு மூடியில் கல்லுப்பை எடுத்துக் கொஞ்சம் நீர் விட்டுச் சேறாக்கி, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். குடும்பத்திடம் ஏற்கனவே ஒரு மலிவுக் கருவி இருந்தது. அது வாசனைத் திரவியம் அடித்தாலே "கார்பன் டை ஆக்சைடு" என்று ஏறியது. அது காட்டிய ஃபார்மால்டிஹைடு எண்ணும் அதே ரகம் என்பதால் இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லை.

மாலை 7 மணிக்குப் பாட்டி படுக்கையறையில் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றிக் கதவை அரைமணி நேரம் சாத்தினார். கொசுவுக்கும் ஆகும், சளிக்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. பிஎம் 2.5, அதாவது நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள், அதற்கு முன் கன மீட்டருக்கு 38 மைக்ரோகிராம்; அரைமணியில் 600-ஐத் தாண்டியது. குழந்தை படுக்கப் போன 9.30-க்கு இன்னும் 140. நள்ளிரவுக்குப் பிறகுதான் 50-க்குக் கீழே வந்தது. இந்தியத் தர வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு 60. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில் 15. இவ்வளவு நேரமும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வலை ஃபில்டர் தலைமுடியையும் பஞ்சுத் தூசியையும் பிடிக்கும், புகைத் துகளைப் பிடிக்காது. சாம்பிராணி இல்லாத நாட்களில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவார்களாம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கார்பன் டை ஆக்சைடு 9.30-க்கு 650. நள்ளிரவில் 2,000. காலை 5 மணிக்கு 2,650. இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஸ்ப்ளிட் ஏசி அறைக் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. வெளிக்காற்று ஒரு துளியும் உள்ளே வராது. உள்ளுக்கும் வெளிக்கும் போவது செம்புக் குழாய், மின்கம்பி, காயிலில் ஒடுங்கும் நீர் வடியும் டிரெயின் பைப் மட்டும். தூங்கும் இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் மணிக்குச் சுமார் 30 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவார்கள். 32 கன மீட்டர் அறையில், காற்று சிறிதும் மாறாவிட்டால், அது மணிக்கு 900 பிபிஎம்முக்கு மேல் ஏற்றும். பதிவான ஏற்றத்திலிருந்து பார்த்தால் இந்த அறையின் காற்று மணிக்கு 0.4 முறைதான் மாறுகிறது. 2,650 என்பது நச்சு அளவல்ல. தொழிற்கூடங்களுக்கான எட்டு மணி நேர வரம்பே 5,000. ஆனால் மூவரின் மூச்சு, வியர்வை, மெத்தைத் தூசி, அலமாரிப் பலகையின் வாடை எல்லாம் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன என்பதற்கு அந்த எண் நல்ல அடையாளம். மந்தமும் தலைபாரமும் அதோடு சேர்ந்தே வருகின்றன.

ஈரப்பதம் சொன்னதுதான் குடும்பம் எதிர்பாராதது. ஏசி 22 டிகிரியில். முதல் மணி நேரத்தில் 68 சதவீதத்திலிருந்து 58-க்கு இறங்கியது, பிறகு மெதுவாக ஏறி விடியலில் 69. ஏசி போட்டால் காற்று காய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அறைக்கு மீறிய டன் உள்ள இன்வர்ட்டர் ஏசி இருபது நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காயிலின் குளிர் தணிகிறது, தண்ணீர் ஒடுங்குவது குறைகிறது. கம்ப்ரஸர் நிற்கும்போதும் உள்விசிறி சுற்றினால் காயிலில் ஒட்டியிருந்த நீர் மீண்டும் அறைக்கே ஆவியாகிப் போகும். குளிர்ந்த, ஈரமான படுக்கை என்பது தூசி உண்ணிகளுக்கும் பூஞ்சைக்கும் ஏற்ற இடம். உண்ணிகள் தளர ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்திலாவது வர வேண்டும்.

ஏசியைத் திறந்து பார்த்ததில்

ஏசிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபியை இறக்கிவிட்டு, காற்று வாயின் இறக்கைகளை விரலால் தாழ்த்தி டார்ச் அடித்தால் புளோயர் தெரியும். உருளையைச் சுற்றிலும் வளைந்த சிறு இதழ்கள். ஒவ்வோர் இதழின் குழிவிலும் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குக் கருஞ்சாம்பல் படிவு. வாயின் உட்புறம் முழுக்கக் கரும்புள்ளிகள். வலை ஃபில்டரின் ஒரு ஓரம் பள்ளத்தில் உட்காராமல் விலகியிருந்தது. மூன்று ஆண்டாகத் தூசி அந்த வழியாகவே ஈரக் காயிலுக்குப் போயிருக்கிறது. காயிலின் முன்பக்கம் பளிச். கண்ணுக்குத் தெரியாத மேல்மடிப்பில் கம்பளி போலத் தூசி. முன்பக்கம் மட்டும் நீர் அடித்த சர்வீஸின் விளைவு இது.

காயிலிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் டிரேயில் வழவழப்பான பாசி. அரை லிட்டர் நீரை ஊற்றியபோது ஒரு நிமிடத்தில் 200 மில்லிதான் மறுமுனைக்கு வந்தது. டிரெயின் பைப் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் நான்கு மீட்டர் ஓடி, நடுவில் தொய்ந்து, அங்கே நீர் தேங்கி நின்றது. முடிவில் அதைக் குளியலறை வாஷ்பேசினின் கழிவுக்குழாயில், வாடை மேலே வராமல் தடுக்கும் நீர் தேங்கிய வளைவான நீரடைப்புக்கு அப்பால், துளையிட்டுச் செருகி சிலிகான் வைத்திருந்தார்கள். பைப்பில் நீர் ஓடாத நேரத்தில் கழிவுக்குழாயின் வாடை ஏசி வழியாகக் கட்டிலுக்கே வரும். விடியற்காலைச் சாக்கடை வாடைக்கு விடை இதுதான். தொய்வில் நீர் நிற்கும்வரை அதுவே ஓரளவு அடைத்துக்கொண்டிருந்தது, வறண்ட நாட்களில் திறந்துவிட்டது.

லீஜியோனேர் நோய் வருமா என்று கணவர் கேட்டார். 1976-ல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் வெடித்த நுரையீரல் நோய் அது. அந்தப் பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் பெருகி, பெரிய கட்டடங்களின் கூலிங் டவர் போன்றவை தெளிக்கும் நுண்திவலைகளில் பரவுகிறது. வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் அப்படி வெந்நீரும் இல்லை, தெளிப்பும் இல்லை. இங்கே கவலைப்பட வேண்டியது பூஞ்சையைப் பற்றித்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. அதனால் வாரத்துக்கு ஒன்று என்று முடிவானது. குழந்தையின் இருமலையும் தும்மலையும் தாய் ஒரு நோட்டில் குறித்து வந்தார்.

முதலில் புகை, ஏனென்றால் அதற்குச் செலவில்லை. பாட்டியிடம் நிறுத்தச் சொல்லவில்லை. இடத்தை மாற்றக் கேட்டார்கள். சாம்பிராணி இனி ஹாலில், பால்கனிக் கதவு திறந்தபடி, மாலை 6 மணிக்கு முன். படுக்கையறை ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கப்பட்டது.

இரண்டாவது, ஏசியைக் கழற்றிக் கழுவுவதும் டிரெயினைத் திருத்துவதும். ஓசோன் கருவி, வாசனை ஸ்பிரே, உள்ளே பொருத்தும் புற ஊதா விளக்கு என்று மூன்று யோசனைகள் குடும்பத்துக்கு வந்திருந்தன. படிவு அப்படியே இருக்க அதன்மேல் எதைச் செய்தும் பயனில்லை. ஓசோன் வீசிங் உள்ள குழந்தைக்கு நேரடித் தீங்கு.

மூன்றாவது, வெளிக்காற்று. இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைப்பது எளிது. ஆனால் மெட்ரோ பணியின் தூசி நேரே வரும். குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியை இரவெல்லாம் ஓட்டலாம் என்பது இன்னொரு வழி. அது அறையில் இழுவிசையை உண்டாக்கி, எந்த இடுக்கு கிடைக்கிறதோ அங்கிருந்து வடிகட்டாத காற்றை உறிஞ்சும். நீர் தேங்கி வாடையைத் தடுக்கும் தரை டிராப் வறண்டிருந்தால் சாக்கடைக் காற்றையும் சேர்த்து. கேஸ் கீசர் உள்ள வீடுகளில் இதைச் செய்யவே கூடாது: கீசரின் புகை, கார்பன் மோனாக்சைடோடு, உள்ளே திரும்பக்கூடும். ஆகவே வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சிறு விசிறியே தேர்வானது. அறையின் அழுத்தம் சற்றே கூடுவதால், இடுக்குகளின் வழியே காற்று வெளியே போகும், உள்ளே வராது.

எவ்வளவு காற்று? உச்சம் 1,000 பிபிஎம்முக்குள் நிற்க மணிக்கு 50 முதல் 55 கன மீட்டர் வேண்டும்.

செய்த வேலை

கழுவ மூன்று மணி நேரம் ஆனது. குழந்தையும் பாட்டியும் அன்று வீட்டில் இல்லை. மின்னணு அட்டையான பிசிபி போர்டையும் மின்கம்பிகள் இணையும் டெர்மினலையும் பிளாஸ்டிக் சுற்றி மூடி, யூனிட்டுக்குக் கீழே நீர் பிடிக்கும் பை கட்டி, டிரேயைக் கழற்றினார்கள். புளோயரை மோட்டாரோடு பிணைக்கும் திருகைத் தளர்த்தினால் அது பக்கவாட்டில் வெளியே வரும். திருகு துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைப்பது நல்லது, வலிந்து இழுத்தால் இதழ் உடையும், உடைந்த புளோயர் அதிர்ந்துகொண்டே இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் இதழ் இதழாகத் தேய்த்தார்கள். காயிலுக்கு அமிலம் கலக்காத கிளீனர். அமிலம் ஒரே நிமிடத்தில் பளபளப்பாக்கும், அலுமினியத் தகடுகளையும் அரிக்கும். மலிவு சர்வீஸுக்குப் பிறகு சில மாதத்தில் கேஸ் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளீச்சும் வேண்டாம். நீரைத் தகடுகளின் போக்கில் மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். குறுக்கே அடித்தால் தகடு மடிந்து காற்றை மறிக்கும். முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் விசிறி முறையில் ஓட்டிக் காயவைத்தார்கள்.

டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு, அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப். முனை இப்போது குளியலறைத் தரை டிராப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே, கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு நிற்கிறது. நீர் சொட்டுவது தெரியும் என்பதால் அடைப்பு வந்தாலும் உடனே தெரியும்.

சறுக்கு ஜன்னலின் ஓரத்தில் அக்ரிலிக் பட்டை ஒன்றைப் பொருத்தி, அதில் நான்கு அங்குலக் குழாய் விசிறியும் மடிப்பு ஃபில்டர் பெட்டியும் மாட்டினார்கள். வெளியே மழை மறைப்பு, பூச்சி வலை. விசிறி வந்த அட்டைப்பெட்டியில் மணிக்கு 100 கன மீட்டர் என்று போட்டிருந்தது. ஃபில்டர் வைத்தபின் கிடைத்தது 60. இதை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 100 லிட்டர் குப்பைப் பையை நசுக்கிக் காற்றை வெளியேற்றி விசிறி வாயில் பிடித்தால், ஆறு நொடியில் நிறைந்தது. விசிறியை ஏசிக்கு எதிர்ப்புறம் வைப்பது முக்கியம். ஈரமான வெளிக்காற்று ஏசியின் குளிர்ந்த இறக்கையில் பட்டால் வியர்த்துக் கட்டிலில் சொட்டும்.

செலவு: கழுவ 2,200 ரூபாய், டிரெயினுக்கு 900, விசிறி ஏற்பாட்டுக்கு 7,500.

தொடர்ந்து நடந்தவை

புகையை மாற்றிய வாரத்தில் இரவு பிஎம் 2.5 சுமார் 35-க்கு வந்தது. இருமல் சற்றுக் குறைந்தது, காலைத் தும்மல் அப்படியே. கழுவிய பிறகு வாடை இரண்டும் போயின. தும்மலும் அந்த வாரத்தில்தான் தளர்ந்தது. இருமல் இரவுகள் வாரத்துக்கு இரண்டாயின. வெளிக்காற்று விசிறி வந்ததும் விடியல் கார்பன் டை ஆக்சைடு 960, பிஎம் 2.5 20-க்குக் கீழே. கணவரின் தலைபாரம் நான்கைந்து நாளில் நின்றது.

ஈரப்பதம் மட்டும் எதிர்த்திசையில் போனது. வெளியே 29 டிகிரி, 80 சதவீதம் இருக்கும் இரவில் 60 கன மீட்டர் காற்றோடு, அறைக்காற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் நீரும் உள்ளே வரும். குளிர்ச்சிச் சுமை அரை கிலோவாட் கூடும். மின்சாரத்தில் அது இரவுக்குச் சுமார் ஒரு யூனிட். முதல் இரவே 72 சதவீதம். எதிர்பார்த்ததுதான் என்பதால் நான்காம் வாரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 22 டிகிரியை 25-க்கு உயர்த்தி, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட்டி, ஏசியின் உள்விசிறியைக் குறைந்த வேகத்தில் நிறுத்தினார்கள். விசிறி வேகம் குறைந்தால் காயில் கூடுதலாகக் குளிரும், நீர் அதிகம் ஒடுங்கும். படுக்குமுன் ஒரு மணி நேரம், ஈரத்தை எடுப்பதற்கான டிரை முறை. ஈரப்பதம் 60-க்கும் 63-க்கும் இடையே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை, 1.5 டன்னை இந்த அறையில் வைத்துக்கொண்டு போகவும் போகாது. காலையில் ஏசியை அணைக்குமுன் அரைமணி நேரம் ஜன்னலைத் திறந்து விசிறி முறையில் ஓட்டுவது வழக்கமானது. ஜன்னலை மூடிக்கொண்டு இதைச் செய்தால் காயிலின் ஈரம் அறைக்குள்தான் போகும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. வெளியே 25 டிகிரி, 90 சதவீதத்துக்கு மேல் ஈரம். குளிர்விக்கச் சுமையே இல்லாததால் ஏசி பெயருக்கு ஓடியது. அறை ஈரப்பதம் 74, அலமாரியில் தோல் பையில் பூஞ்சை. ஏசியால் தீர்க்க முடியாத பருவம் இது. 200 வாட் ஈர உறிஞ்சி ஒன்று வாங்கி, மாலையில் ஆளில்லாத அறையில் மூன்று மணி நேரம் ஓட்டியதில் தொட்டியில் ஒன்றரை லிட்டர் நீர் சேர்ந்தது, ஈரம் 58-க்கு இறங்கியது. இரவில் ஏசி இல்லை; வெளிக்காற்று விசிறி குறைந்த வேகத்தில் மட்டும்.

அக்டோபரில் தோல் பரிசோதனையில் குழந்தைக்குத் தூசி உண்ணி ஒவ்வாமை உறுதியானது. மெத்தைக்கு உண்ணி புகாத உறை, விரிப்புகளுக்கு வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீர் என்று மருத்துவர் சொன்னதும் அப்போதிருந்தே தொடங்கியது. டிசம்பரில் இருமல் மாதத்துக்கு மூன்று இரவு. இதில் எவ்வளவு பங்கு உறைக்கு, எவ்வளவு இன்ஹேலருக்கு, எவ்வளவு ஏசிக்கு என்று பிரிக்க முடியாது. வாடையும் தலைபாரமும் எதனால் போயின என்று உறுதியாகச் சொல்லலாம். இருமலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இன்ஹேலரைக் குறைப்பது மருத்துவரின் முடிவு என்பதால் அது அப்படியே தொடர்ந்தது.

மாற்ற வேண்டியவை

ஏசியைப் பொருத்தும் நாளிலேயே தவிர்த்திருக்கக்கூடியவை இரண்டு: டன் அளவும் டிரெயின் பைப்பும். ஃபால்ஸ் சீலிங் மூடுமுன் டிரேயில் இரண்டு லிட்டர் நீர் ஊற்றி மறுமுனையில் முழுதாக வருகிறதா என்று பார்த்திருந்தால் போதும். இன்டீரியர் வேலை நடக்கும்போதே சுவரில் நான்கு அங்குலத் துளை ஒன்று விட்டிருந்தால் ஜன்னலில் அக்ரிலிக் ஒட்டும் வேலையும் மிச்சம். கதவடி ரப்பர் பட்டை இப்போது தேவையில்லை. தள்ளப்படும் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதால் அதை எடுத்துவிட்டார்கள்.

சர்வீஸை மார்ச்சிலிருந்து செப்டம்பர் இறுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். கோடை முழுக்க ஓடிச் சேர்ந்த தூசியோடு மழைக்காலத்துக்குள் நுழையும் ஏசியில்தான் பூஞ்சை வேகமாகப் பிடிக்கும். புளோயரை டார்ச் அடித்துப் பார்ப்பது மாதம் ஒருமுறை. இதழில் படிவு தெரிந்தால் தேதி பார்க்காமல் கழற்றிக் கழுவ வேண்டும். வெளிக்காற்று ஃபில்டருக்கு நாள் கணக்கு வைக்கவில்லை. மெட்ரோ தூசியில் முதல் ஃபில்டர் ஆறே வாரத்தில் சாம்பல் நிறமானது. குப்பைப் பை நிறைய ஒன்பது நொடி எடுத்தால் காற்று 40 கன மீட்டருக்குக் குறைந்துவிட்டது என்று பொருள், அன்றே மாற்றிவிடுகிறார்கள்.